தண்ணீர் கேட்காத காராமணி

முதலில் வாடியது சாலையோரத்துக் கொடிதான். உச்சி வெயிலில் எந்தக் கொடியும் கொஞ்சம் சோரும். ஆனால் இது ஒரு பக்கம் மட்டும் சோர்ந்திருந்தது. அடியில் சில இலைகள் மஞ்சளாகியிருந்தன. சவுக்குக் குச்சிக்கு இந்தப் பக்கத்து இலையெல்லாம் பிழிந்து போட்ட துணி மாதிரித் தொங்க, அந்தப் பக்கத்து இலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றது. வெயில்தான் என்று விட்டுவிட்டேன்.

அது பொங்கல் முடிந்து போட்ட காராமணி. தவக்காலம் தொடங்கியபோது பிஞ்சு விட்டிருந்தது. முத்தாபுதுப்பேட்டைக்கு வெளியே, சாலையை ஒட்டி, மூன்று பாத்தியாகப் பிரித்த நிலம். நிலம் என்னுடையது இல்லை. பூந்தமல்லியில் இருக்கும் ஒருவருடையது. விலை இன்னும் ஏறட்டும் என்று விற்காமல் வைத்திருக்கிறார். எனக்குப் பயிர் வைக்க விட்டதற்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: இடம் எப்போதும் பச்சையாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஓர் இடம் காலியாகக் கண்ணில் பட்டால் போதும், எங்கோ வீடு இடித்த கல்லும் மண்ணும் டிப்பர் லாரியில் வந்து இறங்கிவிடும். ஒரு லோடு விழுந்த இடத்தில் அடுத்த லோடு தானாக வரும். பிறகு குப்பை வரும். அதற்குப் பிறகு அந்த இடம் யாருடையது என்பதிலேயே சண்டை வரும். ஆள் போட்டுக் காவல் காப்பதற்குப் பதிலாக அவர் காராமணியைக் காவல் வைத்திருந்தார். "பச்சை இல்லேன்னா நீயும் இல்ல" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு அது ஒத்துவந்தது. அதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் ஹெல்ப்பராக இருந்தேன். மெஷின் ஓடும்போது யாரும் யாருடனும் பேச முடியாது. கையைக் காட்டினால் போதும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்ததற்கு அதுதான் காரணம் என்று பட்டறையை மூடிய பிறகுதான் தெரிந்தது. எனக்கு ஆட்களிடம் பேச வராது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியதால் வந்த கூச்சம் என்று என் மனைவி மற்றவர்களிடம் சொல்வாள். அந்த ஐந்து வருஷமும் நான் வகுப்பில் பேசியதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. நிலத்தில் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. நான் விதைத்தேன், கட்டினேன், பறித்தேன். மனைவி கூடையில் எடுத்துக்கொண்டு ஆவடி மார்க்கெட்டுக்குப் போனாள். அங்கே கத்துவது, சிரிப்பது, பேரம் பேசுவது எல்லாம் அவள் பாடு.

இந்த ஏற்பாட்டில் திருப்தி இல்லாதவன் என் மச்சான், மனைவியின் தம்பி. பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன்களுக்கு சூப்பர்வைசராக இருக்கிறான். தினமும் பைக்கில் எங்கள் நிலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போவான். ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவான்.

"மாமா, கேட்டாண்ட ஒரு ஆளு தேவப்படுது. நெழல்ல சேர் போட்டு ஒக்காரலாம். வர்றவன எங்க போறேன்னு கேக்கணும், போறவனுக்கு ஒரு சலாம். அவ்ளோதான். இன்னா சொல்ற?"

நான் குச்சியைக் கட்டிக்கொண்டே இருப்பேன்.

"எங்கக்காவுக்கு நல்லா தேடி வச்சோம்பா ஒரு ஊமை சாமிய" என்று வண்டியைக் கிளப்புவான்.

நிழலில் உட்காரும் வேலைதான். ஆனால் நாள் முழுவதும் முகம் தெரியாதவர்களை நிறுத்தி, எங்கே போகிறாய், யாரைப் பார்க்க என்று கேட்க வேண்டும். காராமணி காய்க்கிற வரைக்கும் அந்தக் கேட் எனக்கு வேண்டாம். மனைவியும் வற்புறுத்தவில்லை. "காய் வர்ற வரிக்கும் உன் இஷ்டம். வர்லன்னா என் இஷ்டம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த முதல் கொடிக்குப் பிறகு பக்கத்துக் கொடி சோர்ந்தது. பிறகு எதிர் வரிசையில் இரண்டு. சாலையோரப் பாத்தி என்பதால் அது ஊருக்கே தெரிந்தது. எங்கள் சாலையில் காலையில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள் ஸ்கூட்டரில் போவார்கள், ஷேர் ஆட்டோக்கள் போகும், சர்ச் பூசைக்குப் போகிறவர்கள் நடந்து போவார்கள். போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரிந்தது.

"இன்னா அண்ணாத்தே, செடி தலைய தொங்க போட்டுகினு கீது? தண்ணி காட்டு, தண்ணி காட்டு."

"மோட்டார் ரிப்பேரா? பாவம், நாக்கு வறண்டு கெடக்குது பாரு."

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் இருக்கும் ஓர் அம்மா வண்டியை நிறுத்தி இறங்கியே வந்துவிட்டார். "பிள்ளைய பட்டினி போட்ட மாதிரில்லா இருக்கு. ஒரு குடம் தண்ணி ஊத்தினா கொறஞ்சா போவீரு?" என்றார்.

மண் ஈரமாகத்தான் இருந்தது. கையை விட்டுப் பார்த்திருந்தேன். விரலில் ஒட்டியது. அதை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமென்றால் நிமிர்ந்து பார்க்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், அவர் திருப்பிக் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதைவிட மோட்டாரைப் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. போட்டேன். தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும் அவருக்கு மனம் ஆறியது. போய்விட்டார். அன்றிலிருந்து யாராவது வண்டியின் வேகத்தைக் குறைத்தாலே நான் மோட்டார் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். உச்சி வெயிலில்கூடத் தண்ணீர் விட்டேன். சாலையோரப் பாத்தி நிரம்பி, வாய்க்கால் வழியாக நடுப் பாத்திக்கு ஓடியது. ஓடினால் என்ன, அதற்கும் தண்ணீர்தானே என்று இருந்தேன்.

சில நாளில் சாயங்காலம் நிமிர்வதும் நின்றுபோனது. ஒரு பக்கம் சோர்ந்த கொடி மறுபக்கமும் சோர்ந்தது. பிஞ்சு அப்படியே குச்சியில் காய்ந்து தொங்கியது. பிறகு நடுப் பாத்தியிலும், வாய்க்கால் திறக்கும் இடத்தில் நின்ற கொடிகள் ஒரு பக்கமாகத் துவண்டன.

அதைக் கண்டுபிடித்தது என் மனைவிதான். வாடிய கொடி ஒன்றைப் பிடுங்கி வரப்பில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே நகத்தால் தண்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள். எதையாவது கிழித்துக்கொண்டே பேசுவது அவள் பழக்கம். திடீரென்று பேச்சு நின்றது.

"இன்னாயா இது? உள்ள துரு புடிச்சிகினு கீது."

வாங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய தண்டுக்குள் வேரிலிருந்து மேலே வரைக்கும் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. பழைய வீட்டுச் சுவருக்குள் இருக்கும் தண்ணீர்க் குழாயை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்குமே, அந்த நிறம். வெளியே பட்டை நன்றாகத்தான் இருந்தது. நல்ல கொடி ஒன்றையும் பிடுங்கிக் கிழித்தாள். அது உள்ளே வெள்ளையாக இருந்தது. இருவரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நல்ல கொடியைப் பிடுங்கியதற்கு அவளைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆவடியில் விதையும் மருந்தும் விற்கும் கடைக்கு நான்தான் போனேன். அவளுக்கு மார்க்கெட் இருந்தது. கிழித்த தண்டைக் கல்லாவுக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றேன். கடைக்காரர் தண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாயத் தொறந்து சொல்லு அண்ணாத்தே. நான் இன்னா கிளி ஜோசியமா பாக்கறேன்?"

"காராமணி" என்றேன். "வாடுது."

அவர் தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வாடல் நோய். பூஞ்சணம். மண்ணுல கீது. வேர் வழியா உள்ள பூந்து குழாய அடச்சிடும். அப்பறம் நீ எவ்ளோ ஊத்தினாலும் மேல ஏறாது. தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தனேன்."

"எவ்ளோ?"

"யார் யார் சொன்னாங்களோ, அப்பப்ப ஊத்தனேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்தத் தண்ணி அடுத்த பாத்திக்குப் போச்சா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். மருந்து ஊற்றி வாடிய கொடியைத் திருப்ப முடியாது என்றார். பிடுங்கி அங்கேயே கொளுத்தச் சொன்னார். எருவில் போடக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது, அந்தப் பாத்தியிலிருந்து விதை எடுக்கக் கூடாது. மண்வெட்டியில் ஒட்டிய மண்கூட நோயை இன்னொரு பாத்திக்குக் கொண்டுபோகும், கழுவாமல் வைக்காதே என்றார். சாணத்தில் கலந்து போட ஒரு பொடி கொடுத்தார். அது மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், காப்பாற்றாமலும் போகலாம். நோய் பட்ட பாத்தியில் சில வருஷம் காராமணி, அவரை, எதுவும் போடாதே, மக்காச்சோளம் போடு என்றார்.

"சில வருஷமா?"

"மண்ணுல குடி வந்துடுச்சி. சீக்கிரம் காலி பண்ணாது."

பஸ்ஸில் திரும்பும்போது பொடிப் பாக்கெட்டில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தேன். பொடி எழுத்து. பாதிக்கு மேல் கண் வலித்தது. பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு பாத்தியையும் பிடுங்கினோம். நடுப் பாத்தியில் நல்ல கொடிகளும் இருந்தன, காயோடு. கடைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. நோய் மண்ணில் இருக்கும்போது, கொடி கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதற்கு அர்த்தம் இல்லை. ஆனாலும் அவற்றைப் பிடுங்கும்போது கை மெதுவாகத்தான் போனது. பிடுங்கிய இடத்திலேயே கொளுத்தினோம். பச்சைக் கொடி லேசில் எரியாது. புகைந்துகொண்டே கிடந்தது. சாலையில் போனவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார்கள். இப்போது யாரும் தண்ணீர் காட்டு என்று சொல்லவில்லை. "இன்னா, எடத்த குடுத்துட்டியா? ஊடு கட்டப் போறாங்களா?" என்று கேட்டார்கள். இரண்டு பாத்தியும் கருப்பாகக் காலியாகக் கிடந்ததைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றியது.

மூன்றாவது பாத்தி மட்டும் மிஞ்சியது. கடைசியில், ஏரி வாய்க்காலை ஒட்டி இருப்பது. அங்கே வரைக்கும் தண்ணீர் போய்ச் சேரவில்லை. நடுப் பாத்தியிலிருந்து அதற்குப் போகும் வாய்க்காலை மண் போட்டு அடைத்தேன். மோட்டாரிலிருந்து ரப்பர் குழாயைச் சுற்று வழியாக இழுத்து அந்தப் பாத்திக்கு மட்டும் தனியாகத் தண்ணீர் விட்டேன். வரப்பில் ஒரு பக்கெட் வைத்து, உள்ளே இறங்கும் முன் காலையும் மண்வெட்டியையும் கழுவினேன். மனைவி அதைப் பார்த்து, "கோயிலுக்குள்ள போறவங்கூட இப்படி கழுவ மாட்டான்" என்றாள். ஆனால் அவளும் கழுவிக்கொண்டுதான் இறங்கினாள்.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பறிப்பை ஞாயிறு பூசையில் காணிக்கையாகப் பீடத்துக்குக் கொண்டுபோவோம். பூசை முடிந்ததும் வெளியே வைத்து ஏலம் விடுவார்கள். எங்கள் காராமணிக்கு வழக்கமாகப் போட்டி இருக்கும். அந்த வருஷம் மூன்றாவது பாத்தியில் பறித்ததைக் கொண்டுபோனோம். கை நிறையப் பிடிக்கும் அளவுக்குக்கூட இல்லை. ஏலத்தில் எடுத்தவன் என் மச்சான். கட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "எங்க மாமாவோட கடேசி காராமணி. அடுத்த வாட்டி அவர பாக்கணும்னா எங்க கேட்டுக்கு வாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். பிறகு என் பக்கம் பார்க்காமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மக்காச்சோளம் போட்ட மறுநாள் டிப்பர் வந்தது.

காலை நேரம். மனைவி மூன்றாவது பாத்தியில் காய் பறித்துக்கொண்டிருந்தாள். நான் மோட்டாரிடம் இருந்தேன். லாரி சாலையில் முன்னால் போய், நின்று, பின்பக்கமாக எங்கள் நிலத்துக்குள் வர ஆரம்பித்தது. மேலே உடைந்த செங்கல், கம்பி, பழைய டைல்ஸ். சாலையோரத்திலேயே கொட்டினால் யாராவது கேட்பார்கள் என்று உள்ளே தள்ளிக் கொட்டப் பார்த்தான் போலிருக்கிறது. நான் கையை ஆட்டினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வெளியே தலையை நீட்டினான்.

"ஓரமா போயா. ரிவர்ஸ் வர்து தெரில?"

லாரி முதல் பாத்தியைத் தாண்டி நடுப் பாத்திக்குள் இறங்கியது. மண் ஈரமாக இருந்ததால் டயர் அழுந்தியது. ஒவ்வொரு சுற்றுக்கும் டயரில் மண் அடை அடையாக ஏறியது. நான் அந்த மண்ணைத்தான் பார்த்தேன். மண்வெட்டியில் ஒட்டிய துளிக்குப் பயந்து நான் கழுவிக்கொண்டிருக்க, இங்கே ஒரு கூடை மண் டயரில் உருண்டு மூன்றாவது பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. லாரிக்கும் வரப்புக்கும் நடுவில் போய் நின்று பின் கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"நிறுத்து! நிறுத்துய்யா!"

நின்றது. டிரைவர் இறங்கி வந்தான். வாயில் பாக்கு.

"இன்னாயா உன் பேஜாரு? காலி எடந்தானே?"

"காலி இல்ல. பயிரு கீது."

சுற்றிப் பார்த்தான். "எங்க கீது? எனக்கு மட்டும் தெரியாத பயிரா?"

"மண்ணுக்குள்ள கீது. நேத்து தான் போட்டேன்."

"அப்ப மொளைக்கறதுக்குள்ள கொட்டிட்டுப் போய்டறேன். எனக்கும் டைம் ஆவுது."

அதற்குப் பிறகு நான் பேசியதை எல்லாம் என்னால் திருப்பிச் சொல்ல முடியாது. மனைவிதான் பிறகு சொன்னாள். கத்தினேனாம். "இது வியாதி புடிச்ச மண்ணு. உன் டயர்ல ஏறி கீது பாரு, அந்த மண்ணு. அத்தோட நீ அந்தப் பாத்தில ஏறினன்னா அதுவும் போச்சி. எனக்கு அது ஒண்ணு தான் மிச்சம். கொட்டணும்னா என் மேல கொட்டு. இதுக்கு மேல ஒரு அடி வராதே" என்று சொன்னேனாம். சாலையில் இரண்டு ஸ்கூட்டர் நின்று வேடிக்கை பார்த்ததாம். நான் எதையும் பார்க்கவில்லை.

டிரைவர் குனிந்து டயரைப் பார்த்தான். தன் செருப்பையும் பார்த்தான். அதிலும் மண் ஒட்டியிருந்தது.

"மண்ணுக்கு வியாதியா? இன்னா வியாதி?" என்றான், குரல் இறங்கி. "ஆளுக்கு ஒட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை. அவனைப் பயமுறுத்த வேண்டும் என்று இல்லை. இருந்த பேச்சு அவ்வளவும் தீர்ந்துவிட்டது. மூச்சு வாங்க அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். பாக்கைத் துப்பினான். செருப்பைச் சாலையோரப் புல்லில் நன்றாகத் தேய்த்துவிட்டு ஏறி, வந்த வழியிலேயே வண்டியை எடுத்தான். போகும்போது, "இத்த மொதல்லியே ஒரு போர்டு எழுதி வெக்க மாட்டியா, சாவு கிராக்கி" என்று கத்திவிட்டுப் போனான்.

இரண்டு பாத்தியிலும் டயர் தடம் பள்ளமாகக் கிடந்தது. விதை எங்கே போனது என்று தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்தேன். மனைவி பக்கெட்டில் காலைக் கழுவிக்கொண்டு மேலே வந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நல்ல வார்த்தை ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏன்யா, இவ்ளோ பேசற ஆளா நீ? இத்தன வருஷம் வாயில இன்னா வச்சிகினு இருந்த?"

காலில் ஒட்டிய மண்ணை ஒரு குச்சியால் சுரண்டினேன்.

"லாரிக்காரனயே நிறுத்திட்ட. கேட்டாண்ட ஒரு கார நிறுத்தி எங்க போறேன்னு கேக்க மாட்டியா?"

எனக்குப் பேச வராது என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே காரணம். அதை அவள் கண் முன்னாலேயே தீர்த்துவிட்டிருந்தேன். ஒரு பாத்திக் காராமணியை வைத்து இரண்டு பேர் சாப்பிட முடியாது என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். அவள் அதைச் சொல்லவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

விட்டுப்போன இடத்தில் திரும்ப விதை ஊன்றினேன். மக்காச்சோளம் வந்தது. பூந்தமல்லிக்காரர் ஒரு நாள் காரை நிறுத்தி, கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு வேண்டிய பச்சை இருந்தது.

இப்போது காலையில் நிலத்தில் இருக்கிறேன். மதியத்துக்கு முன் குளித்து, நீலச் சட்டை போட்டுக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போய்விடுகிறேன். சேர் நிழலில்தான் இருக்கிறது, மச்சான் பொய் சொல்லவில்லை. கார் வந்தால் எழுந்து, எங்கே என்று கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். சலாம் வைக்கக் கை இன்னும் பாதியில் நின்றுவிடுகிறது. மச்சான் அதைச் செய்துகாட்டி மற்ற வாட்ச்மேன்களைச் சிரிக்கவைக்கிறான். சாயங்காலமானால் உழுத மாதிரி உடம்பு வலிக்கிறது. உட்கார்ந்திருந்ததற்கு ஏன் வலிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. வாடல் முதலில் தெரிவது உச்சி வெயிலில்தான், அதுவும் ஒரு பக்கமாக. காலையில் எல்லாக் கொடியும் நன்றாக இருக்கும், சாயங்காலமும் நிமிர்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் நான் கேட்டில் இருக்கிறேன். அதனால் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மனைவி நிலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்கிறாள். இன்றும் செய்தாள்.

"சோர்ந்து கீதுயா" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "எது?"

"எல்லாந்தான். வெயிலு மண்டைய பொளக்குது."

"ஒரு பக்கமா?"

அவள் கொடி கொடியாகப் பார்த்துக்கொண்டு நடப்பது போனில் கேட்டது. வளையல் சத்தம், சவுக்குக் குச்சியில் சேலை உரசும் சத்தம். உள்ளே வர வேண்டிய கார் ஒன்று ஹாரன் அடித்தது. கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ரெண்டு பக்கமும்" என்றாள்.

"நல்லா பாத்தியா?"

"ரெண்டு பக்கமுந்தான்யா. போய் உன் வேலைய பாரு."

ரெண்டு பக்கமும் என்றால் வெயில்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தேன். கார் உள்ளே போன பிறகுதான், எங்கே போகிறீர்கள் என்று கார்க்காரரைக் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.